சாப்பாட்டை ஒண்ணொண்ணா நிறுத்தியும் காலு தூக்கி அடிக்கிறது நிக்கலையே டாக்டர்

ஆம்பூர் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு, கம்பெனி, தெரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் இங்க சொல்லிடறேன். வயசு 38. ஷூ கம்பெனில ஸ்டிச்சிங் செக்ஷன், நாள் முழுக்க மிஷின்ல உக்காந்து வேலை. ரெண்டு பசங்க, பெரியவனுக்கு 16. ஒரு வருஷமா ராத்திரி படுத்தா கால்ல குடைச்சல், உள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதாம், நீட்டினாலும் அடங்கல மடக்கினாலும் அடங்கல, எழுந்து நாலு நடை நடந்தா சரியாவுது, திரும்பப் படுத்தா திரும்ப வருது. கண்ணு சொக்குற நேரம் பாத்து உடம்பையே தூக்கி வாரிப்போடுது. தூங்கினதுக்கு அப்புறம் காலு தானா உதைக்குதுன்னு வீட்டுக்காரர் சொல்லி, இப்ப அவர் ஹால்ல பாய் போட்டுப் படுக்கிறாராம்.

எந்தச் சாப்பாடு ஆகலன்னு கண்டுபிடிக்க ஒண்ணொண்ணா நிறுத்தியிருக்காங்க. முதல்ல கத்திரிக்கா, அது கரப்பான்னு மாமியார் சொன்னதால. அப்புறம் உருளைக்கிழங்கு, பருப்பு, ரெண்டும் வாயுன்னு. அப்புறம் முட்டை, கறி, பால். கடைசியா ஒரு வீடியோ பாத்துட்டு கோதுமை. இப்ப சோறு, ரசம், ஊறுகா, ஒரு நாளைக்கு ஏழு டீ, ஞாயித்துக்கிழமை பிரியாணியைத் தவிர அவ்வளவுதான். 58 கிலோ இருந்தவங்க 49 ஆயிட்டாங்க. மெடிக்கல் ஷாப்ல சொல்லி வாங்கின கேஸ் மாத்திரை எட்டு மாசமா தினமும் காலைல வெறும் வயித்துல. அஞ்சு "நரம்பு ஊசி" போட்டாச்சு. இப்ப ஆறு மாசமா பகல்லயும் மிஷின் முன்னாடி உக்கார முடியல, "உள்ளுக்குள்ள யாரோ என்னை வெரட்டிகினே இருக்கிற மாதிரி இருக்குது டாக்டர், சூப்பர்வைசர் திட்டுறாரு"ன்னு எழுதியிருக்காங்க. மாசவிலக்கு எட்டு நாள் போகுது, முதல் மூணு நாள் ரொம்ப அதிகம்.

கேள்வி மூணு. இன்னும் எதை நிறுத்தணும்? இது வலிப்பா? கடைசி வரில இன்னொண்ணு, பெரியவனுக்கும் காலைல பல் தேய்க்கும்போது கை வெடுக்குன்னு உதறி பிரஷ் கீழ விழுது, என் வியாதி அவனுக்கும் ஒட்டிகிச்சா, அவனுக்கும் முட்டையை நிறுத்திடட்டுமா?

அம்மா, பையன் விஷயத்துல எனக்கு அவசரம் இருக்கு, அதைத் தனியா கீழ எழுதியிருக்கேன், நேரம் இல்லன்னா அதை மட்டுமாவது முதல்ல படிச்சிடுங்க. முட்டையை நிறுத்தாதீங்க.

உங்களுக்கு வர்றது என்ன

கடிதத்தை வெச்சு முடிவா ஒரு பேர் சொல்ல முடியாது, நேர்ல பாத்து ரத்தம் எடுத்துதான் சொல்லணும், ஆனா நீங்க எழுதின விதத்துலயே பாதி விடை இருக்கு. நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் தனித்தனி வார்த்தை இருக்கு பாருங்க, குடைச்சல், குரக்களி, துடிப்பு, தூக்கி வாரிப்போடுறது, வெட்டி இழுக்கிறது. "நரம்புத் தளர்ச்சி"ன்னு பொத்தாம் பொதுவா சொல்லாம இந்த வார்த்தைங்களோட வர்றவங்களுக்கு வைத்தியம் பண்றது சுலபம். குரக்களின்னா கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகி வலிக்கும், நீங்க அதைச் சொல்லல. வெட்டி இழுக்கிறது, அதாவது பெரிய வலிப்புன்னா நினைவு தப்பும், பல்லு கிட்டிக்கும், நாக்கு கடிபடும், சில பேருக்கு துணியிலயே சிறுநீர் போயிடும். அதுவும் உங்களுக்கு இல்ல. காலு உதைக்கிறது தெரியாம நீங்க தூங்கிட்டு இருக்கீங்க, எழுப்பினா உடனே பேசுறீங்க.

கண்ணு சொக்கும்போது தூக்கி வாரிப்போடுறது பெரும்பாலானவங்களுக்கு எப்பவாவது வரும், பள்ளத்துல விழுற மாதிரி இருக்கும், அதுல ஆபத்து இல்ல, தூக்கம் கெட்டவங்களுக்கும் டீ காபி அதிகம் குடிக்கிறவங்களுக்கும் அடிக்கடி வரும், நீங்க ரெண்டு வகையிலும் இருக்கீங்க. படுத்தா குடைச்சல், நடந்தா அடங்குது, சாயந்திரத்துக்கு மேல அதிகம், இது வேற. இதை அமைதியில்லா கால்கள்னு சொல்றோம். இது இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தூக்கத்துல காலு உதைக்கிறதும் சேர்ந்தே வரும், 20ல இருந்து 40 செகண்டுக்கு ஒரு தடவை கட்டைவிரல் மேல தூக்கி, கணுக்கால் மடங்கி, முட்டி லேசா இழுக்கும். வீட்டுக்காரரை இன்னைக்கு ராத்திரி போர்வையை முட்டி வரைக்கும் தூக்கிவிட்டு போன்ல அஞ்சு நிமிஷம் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட வாயால அரை மணி நேரம் விளக்குறதைவிட அந்த அஞ்சு நிமிஷம் உதவும்.

இந்தக் குடைச்சலுக்கு அடியில பல பேருக்கு இருக்கிறது இரும்புச்சத்துக் குறைவு. மூளையில டோபமின்னு ஒரு பொருள் வேலை செய்யணும்னா இரும்பு வேணும், இரும்பு குறைஞ்சா ராத்திரி நேரத்துல காலு அடங்காம போகுது. இந்தியாவுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. மாசா மாசம் எட்டு நாள் போற உங்களுக்கு அது இல்லாம இருந்தாதான் ஆச்சரியம்.

சாப்பாட்டு மேல போட்ட பழி

கத்திரிக்கா மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. நம்ம வேலூர் முள்ளு கத்திரிக்காயும் சரி, உருளையும் பருப்பும் சரி, வயித்துல காத்து சேர்க்கலாம், ஏப்பம் வரலாம், ஆனா அந்தக் காத்து கால் நரம்புக்குள்ள போய் உதைக்க வைக்கிறதுக்கு உடம்புல வழியே கிடையாது. வயித்துல இருக்கிற காத்து வயித்தோட சரி. அஜினமோட்டோவால நரம்பு துடிக்குதுன்னும் நிறைய பேர் எழுதுறாங்க, அதுக்கும் சரியான ஆதாரம் இல்ல.

"ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிட்ட அன்னைக்கு ராத்திரி கட்டாயம் அதிகமா வருது"ன்னு அழுத்தி எழுதியிருக்கீங்க. நம்புறேன். ஆனா அடுத்த பக்கத்துல நீங்களே எழுதினதைப் பாருங்க, அன்னைக்கு ஹெவியா இருக்கும்னு பயந்து கேஸ் மாத்திரை ரெண்டா போடுறீங்க, கூட ஒரு கோலா, மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூக்கம், அதனால ராத்திரி படுக்கவே பன்னண்டு ஆகுது. இத்தனை இருக்கும்போது பழியை பிரியாணி மட்டும் சுமக்குது.

நீங்க நிறுத்தின பட்டியலைத் திரும்ப ஒரு தடவை படிங்க. முட்டை, கறி, பருப்பு, பால். இரும்பு, பி12, புரதம், கால்சியம் எல்லாம் வர்ற வழியை வரிசையா அடைச்சிட்டீங்க, அந்த இடத்துல டீ வந்து உக்காந்துடுச்சு. சாப்பாட்டோட குடிக்கிற டீ, அந்தச் சாப்பாட்டுல இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கிறதைப் பாதிக்கு மேல குறைச்சிடும். வியாதி முதல்ல லேசா வந்தது, ஒவ்வொண்ணா நிறுத்த நிறுத்த ஏறிக்கிட்டே போச்சுன்னு நீங்க சொல்ற கணக்கு எனக்கு இதோட சரியா பொருந்துது.

கோதுமை பத்தி ஒரு வார்த்தை. கோதுமை ஒத்துக்காத குடல் நோய் ஒண்ணு நிஜமாவே இருக்கு, அதுல நடை தள்ளாடுறதும் கை கால் உதறலும் அபூர்வமா வரும். ஆனா நீங்க சொல்ற அறிகுறி அது மாதிரி இல்ல. சந்தேகம்னா ரத்தப் பரிசோதனை இருக்கு, கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே எடுக்கணும், நிறுத்திட்டு எடுத்தா நோய் இருந்தாலும் இல்லன்னு வந்துடும்.

சாப்பாடு, குடிக்கிறதால உடம்பு தானா அசையுறது பொய்யும் இல்ல. 1940ல அமெரிக்காவுல மவுண்ட், ரீபேக்னு ரெண்டு டாக்டர்கள் ஒரு குடும்பத்தைப் பத்தி எழுதினாங்க, மது, காபி, களைப்பு இதெல்லாம் சேர்ந்தா கை கால் முறுக்கிக்கிட்டு தானா ஆட ஆரம்பிக்கும், நினைவு இருக்கும், சில நிமிஷத்துல இருந்து சில மணி நேரத்துல தானா நிக்கும். அது பரம்பரையா வர்றது, சின்ன வயசுலயே தெரிஞ்சிடும், ரொம்ப அபூர்வம். நம்ம பக்கம் நான் பயப்படுறது வேற மூணு. கிட்னி கெட்டவங்க ஸ்டார் ஃப்ரூட் சாப்பிடவே கூடாது, அதுல இருக்கிற கேரம்பாக்சின்ங்கிற நச்சை நல்ல கிட்னி வெளிய தள்ளிடும், கெட்ட கிட்னியால முடியாது, விடாம விக்கல் வரும், அப்புறம் உதறல், வலிப்பு, உயிரே போயிருக்கு, ஒரு பழம்தானேன்னு நினைக்கக் கூடாது. ரெண்டாவது, சக்கரை மாத்திரை போட்டுட்டு விரதம்னு வெறும் வயித்துல இருக்கிறது, சக்கரை இறங்கி கை நடுங்கி வேர்த்துக் கொட்டி நினைவே தப்பலாம். மூணாவது அதுக்கு நேர் எதிர், சக்கரை பல நாள் கட்டுப்பாடே இல்லாம ஏறிக்கிடக்கிற வயசானவங்களுக்கு ஒரு பக்கக் கை காலு மட்டும் திடீர்னு வீசி வீசி அடிக்கும். காத்து கருப்புன்னு தாயத்து கட்டிட்டு இருப்பாங்க, சக்கரையைக் குறைச்சா பல பேருக்கு நின்னுடும். உங்க மாமியாருக்குச் சக்கரை இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதனால சொன்னேன்.

அந்த கேஸ் மாத்திரை

கடிதத்துல இதை நீங்க ஒரு வரில தாண்டிட்டீங்க, நான் இங்கதான் நின்னேன். மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னாடி வெள்ளிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கிறதைப் பசங்களை விட்டுப் படிக்கச் சொல்லுங்க. பான்டோப்ரசோல், இல்லன்னா ரபெப்ரசோல்னு ஒண்ணு இருக்கும், அது ஆசிட்டைக் குறைக்கிறது. அதோட நிக்காம ரெண்டாவதா லெவோசல்பிரைடுன்னு இருக்கான்னு பாருங்க.

இருந்தா, பகல்ல உக்கார முடியாம உங்களை விரட்டுறது அதுவா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அந்த மருந்து குடலைத் தள்ளிவிடும், ஏப்பம் அடங்கும், சரிதான், ஆனா மேல நான் சொன்ன டோபமினை மூளையிலயும் தடுக்கும். ஏற்கனவே இரும்பு இல்லாம தடுமாறிக்கிட்டு இருக்கிற இடத்துல இன்னொரு கதவையும் மூடின மாதிரி. ராத்திரிக் குடைச்சல் ஏறும், பகல்ல உள்ளுக்குள்ள பரபரப்பு வரும், மாசக்கணக்கா போட்டா சில பேருக்கு கை நடுக்கம், நடை மெதுவாகிறது, உதடும் நாக்கும் தானா அசையுறதுன்னு வரும், அந்த உதட்டு அசைவு மருந்தை நிறுத்தினாக்கூட சில பேருக்குப் போகாம தங்கிடும். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடு, தலைசுத்தலுக்குக் கொடுக்கிற சின்னரிசின், புரோகுளோர்பெரசின் எல்லாத்துக்கும் இதே குணம் உண்டு. டாக்டர் சீட்டோட கொஞ்ச நாளைக்குன்னு கொடுக்க வேண்டிய மருந்து, எட்டு மாசம் தினமும் போடறதுக்கு இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி 60 வயசு அம்மா ஒருத்தங்க மஞ்சப்பையோட வந்தாங்க. பையைக் கவுத்தா டேபிள் மேல ஒரே மாத்திரை, பதினேழு காலி அட்டை, ஒண்ணைக்கூட தூக்கிப் போடல. நான் அட்டையை எண்ணிட்டு இருக்கும்போது அவங்க எதிர்ல உக்காந்து வெத்தலை மெல்லுற மாதிரி வாயை அசைச்சுக்கிட்டே இருந்தாங்க, வாயில ஒண்ணும் இல்ல. வீட்ல எல்லாரும் வயசாச்சு, பழக்கம்னு விட்டுட்டாங்களாம். அதுல இருந்து நான் யார் உதறல்னு வந்தாலும் முதல்ல கேட்கிறது மாத்திரை அட்டையைத்தான், சாப்பாட்டை அப்புறம்.

ஆசிட் மாத்திரை மட்டும்தான்னாலும் எட்டு மாசம் அதிகம். வயித்துல ஆசிட் குறைஞ்சா இரும்பும் பி12ம் சரியா ஏறாது, நீண்ட நாள் போடறவங்கள்ல சில பேருக்கு மெக்னீசியம் இறங்கும், மெக்னீசியமும் கால்சியமும் இறங்கினா அதுவே சதைத் துடிப்பு, விரல் மடங்கி இழுக்கிறது எல்லாம் கொண்டுவரும்.

அதுக்காக இதைப் படிச்ச கையோட தூக்கி எறிஞ்சிட்டு நீங்களே சமாளிக்கப் பாக்காதீங்க. புது அட்டை வாங்காதீங்க, ரெண்டு மூணு நாளைக்குள்ள டாக்டர்கிட்ட அட்டையோட போங்க. நிறுத்தினதும் கொஞ்ச நாள் நெஞ்செரிச்சல் திரும்பும், அசைவுகூட அதிகமான மாதிரி தெரியலாம், அதைப் பாத்து பயந்து திரும்ப அதே மாத்திரைக்குப் போறவங்கதான் அதிகம்.

பையன் விஷயம்

இது உங்க வியாதி ஒட்டினது இல்ல. 12ல இருந்து 18 வயசுக்குள்ள ஆரம்பிக்கிற ஒரு வகை வலிப்பு இருக்கு, அது முதல்ல வலிப்பு மாதிரியே தெரியாது. காலைல எழுந்து கொஞ்ச நேரத்துக்குள்ள கை வெடுக்குன்னு உதறும், பிரஷ் விழும், டம்ளர் விழும், தட்டு விழும், நினைவு தப்பாது. வீட்ல கவனக்குறைவுன்னு திட்டுவாங்க. முந்தின ராத்திரி தூக்கம் கெட்டா அதிகமாகும், பதினொண்ணாவது படிக்கிற பையன் ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கவனிக்காம விட்டா ஒரு நாள் பெரிய வலிப்பாவே வந்து விழலாம். உங்க பையனுக்கு அதுதான்னு நான் சொல்லல, அதுவா இல்லையான்னு இந்த வாரமே பாக்கணும்னு சொல்றேன். நரம்பு டாக்டர் பாத்துட்டு ஈ.ஈ.ஜி. எடுப்பாங்க, தலையில வயர் ஒட்டி எடுக்கிறது, வலி இல்ல. அதுவா இருந்தா மாத்திரையில நல்லா கட்டுப்படுற வகை. வலிப்பு மாத்திரையிலயே சிலது இந்த வகையை அதிகமாக்கிடும், அதனால யாரோ சொன்னாங்கன்னு கடையில வாங்கிக் கொடுக்காதீங்க. பாக்கிற வரைக்கும் பைக், கிணத்து நீச்சல், மொட்டைமாடி விளிம்பு வேண்டாம், பதினோரு மணிக்குள்ள தூங்க வைங்க. பிரஷ் விழுந்தா திட்டாதீங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

லீவு போட்டா சம்பளம் போயிடும்னு ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டதா எழுதியிருக்கீங்க. உங்க சம்பளத்துல இ.எஸ்.ஐ.க்குன்னு 0.75 சதவீதம் மாசா மாசம் பிடிக்கிறாங்க, சம்பளச் சீட்டுல பாருங்க. அந்த கார்டுல உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் பசங்களுக்கும் வைத்தியம் உண்டு. டாக்டர் ஓய்வு எழுதினா, சந்தா நாள் கணக்கு சரியா இருந்தா, வருஷத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் கிடைக்கும். அது உங்க காசு, கூச்சப்பட ஒண்ணும் இல்ல. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரில ஆரம்பிங்க, நரம்பு டாக்டருக்கு அங்கயே எழுதிக் கேளுங்க, இல்லன்னா வேலூர் பக்கத்துல அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு.

ரத்தம் ஒரே தடவையில எடுத்தா போதும்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, கால்சியம், மெக்னீசியம், வைட்டமின் டி, சக்கரை, தைராய்டு, கிட்னி. எடுத்தவுடனே தலை ஸ்கேன் எடுக்கணும்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க, உங்களுக்கு அது முதல் வேலை இல்ல. நரம்பு ஊசின்னு போடறது பெரும்பாலும் பி12தான், அதைப் போட்டிருக்கிறதால பி12 ஏறித்தான் காட்டும், அதை முன்னாடியே சொல்லிடுங்க. இதுல ஃபெரிட்டின்தான் முக்கியம், உடம்புல சேமிப்பா இருக்கிற இரும்பு எவ்வளவுன்னு அது காட்டும், ஹீமோகுளோபின் நல்லா இருந்தாலும் இது குறைஞ்சிருக்கலாம். லேப் சீட்டுல 15, 20 இருந்தாலே நார்மல்னு அச்சடிச்சிருப்பாங்க, கால் குடைச்சல் இருக்கிறவங்களுக்கு 75க்குக் கீழ இருந்தாலே இரும்பு கொடுத்துப் பாக்கணும்ங்கிறதுதான் இப்ப இருக்கிற வழிமுறை. நார்மல்னு சொல்லி அனுப்பினா இந்த எண்ணைக் காட்டிக் கேளுங்க.

சாப்பாட்டை நாளைக்கே திரும்ப ஆரம்பிச்சிடுங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிக்க வேண்டாம், வயிறு சுருங்கியிருக்கும். முதல்ல முட்டையும் பருப்பும். அப்புறம் கேழ்வரகு களி, முருங்கைக்கீரை கடையல், கேழ்வரகுல கால்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, கூழை ஆடி மாசத்தோட நிறுத்திட வேண்டாம். கறி சாப்பிடறவங்கதானே, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல் வாரத்துக்கு ஒரு நாள். பீட்ரூட் சிவப்பா இருக்குன்னு ரத்தம் ஊறாது, பேரீச்சம்பழத்துலயும் இரும்பு கொஞ்சம்தான், ஆசைக்குச் சாப்பிடுங்க. சாப்பாட்டோட ஒரு நெல்லிக்கா, கொய்யா இல்லன்னா எலுமிச்சை இருந்தா இரும்பு நல்லா ஏறும். ஆனா காலியான சேமிப்பைச் சாப்பாட்டுலயே நிரப்ப ரொம்ப காலம் ஆகும், குறைஞ்சிருந்தா மாத்திரை வேணும். டாக்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னா குறைச்சுக் கொடுத்துட்டாங்கன்னு நினைக்காதீங்க, அப்படிப் போட்டா உடம்பு நல்லாவே எடுத்துக்கும். மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. டீ, பால், கால்சியம் மாத்திரை எதோடயும் சேர்த்துப் போடாதீங்க.

ஏழு டீயை ஒரே நாள்ல நிறுத்தினா தலைவலி மண்டையைப் பிளக்கும். வாரத்துக்கு ரெண்டு குறைச்சு மூணுல நிறுத்துங்க, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம், சாயந்திரம் நாலுக்கு மேல வேண்டாம். எட்டு நாள் போற மாசவிலக்கை மகப்பேறு டாக்டர்கிட்ட காட்டி ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க, அதைச் சரி பண்ணாம இரும்பு கொடுக்கிறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதை.

இரும்பு ஏறி குடைச்சல் அடங்க ரெண்டு மூணு மாசம் ஆகும், பத்து நாள்ல தெரியலன்னு விட்டுடாதீங்க. நடுவுல ஒரு பக்கம் மட்டும் கை காலு அடிச்சாலோ, கால்ல பலம் குறைஞ்சாலோ, பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

ஃபெரிட்டின் எண்ணும், அட்டையோட பின்பக்க போட்டோவும் கிடைச்சதும் எனக்கு எழுதுங்க. பையனை எப்ப காட்டினீங்கன்னு முதல் வரில எழுதுங்க.